காங்கேசன்துறையில் கப்பல் பயணிகளின் பாதுகாப்புப் பொறுப்பை எழுத்தில் வகுக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

மனுதாரர்:
ஓய்வுபெற்ற தபால் அதிபர், மாவிட்டபுரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

2023 யூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது வேடிக்கை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துடனான பயணிகள் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. 1990 இல் ஊரைவிட்டுப் போய்த் திரும்பிவந்த எங்களுக்குத் துறைமுகத்தில் ஆள் நடமாட்டம் தெரிவதே பெரிய சந்தோசம். கப்பல்கள் இன்னும் வரவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் மகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி, என்னையும் மனைவியையும் ஒரு கப்பல் பயணத்துக்கு அனுப்பிவைத்தாள். வழியில் இறங்கிய துறைமுகம் ஒன்றில் மனைவி விழுந்துவிட்டார். இறங்குபடியின் கடைசிப் படிக்கும் துறை மேடைக்கும் இடையில் ஒரு சாண் உயரம். அலைக்கு அதுவும் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. படியில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு தேய்ந்து வழுக்கியது. அவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் சீமெந்திலுமாக விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

கப்பல்காரர், “அது துறைமுகத்தின் மேடை” என்றார்கள். துறைமுகத்தார், “அது கப்பலின் படி” என்றார்கள். சுற்றுலா பஸ் பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. நாங்கள் கையில் கொண்டுவந்தது வைத்தியசாலைத் துண்டு மட்டும். வழக்குப் போட எனக்கு விருப்பமில்லை, அதனால் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு சாண் யாருடையது என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பிறகு தேடி வாசித்தேன். கடல்வழிப் பயணிகள் பற்றிய 1974 ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கை, கப்பலில் இருக்கும் நேரத்தையும் ஏறி இறங்கும் நேரத்தையும் கப்பல் நிறுவனத்தின் பொறுப்புக் காலத்துக்குள் வைக்கிறது. கரைக்குக் கொண்டுவரும் சிறு படகின் கட்டணம் டிக்கெட்டில் அடங்கியிருந்தால் அந்தப் படகுப் பயணமும் அதற்குள் வரும். பயணி துறை மேடையிலோ முனையத்திலோ நிற்கும் நேரம் வராது. அப்படியானால் அங்கே யார் பொறுப்பு? எங்கள் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இப்படியான காயத்துக்கு நட்டஈடு கோர இரண்டு வருடங்கள்தான். யாரைக் கேட்பது என்று தேடுவதிலேயே அதில் பாதி போய்விடும்.

காங்கேசன்துறைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வடக்கு நோக்கிய கரை. வாடைக் காலத்தில் கடல் நேரே வந்து அடிக்கும், மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். அந்த நேரத்தில் “இன்று இறக்க வேண்டாம்” என்று நிறுத்தும் அதிகாரம் எந்த ஒரு பதவிக்கு என்பது முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். நாலு பேர் கூடிப் பேசி முடிவெடுக்கிற நேரமல்ல அது.

ஆகவே, துறைமுக அதிகார சபை, கடற்படை, சுங்கம், குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், கப்பல் முகவர், பஸ் உரிமையாளர் எல்லோரையும் தாங்கள் ஒரே மேசைக்கு அழைத்து, கப்பல் படியிலிருந்து வெளிவாசல் வரை எந்த அடி யாருடைய பொறுப்பு என்று கோடு போட்டுத் தரவேண்டும். அதை முனையத்தில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டவேண்டும். முக்கியமாக, யாராவது விழுந்தால் அந்த இடத்திலேயே பதிவேட்டில் எழுதி, காயப்பட்டவர் கையில் ஒரு பிரதி கொடுக்கும் வழக்கம் வரவேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு கொப்பியும் கார்பன் தாளும் போதும். கப்பல் வரும் நாட்களில் சக்கர நாற்காலியும் முதலுதவி தெரிந்தவரும் மேடையிலேயே நிற்கட்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கும் கப்பல் வரும் நேரத்தை முன்பே அறிவிக்கலாம். பயணிகளை ஏற்றும் பஸ், படகு எல்லாவற்றின் காப்புறுதிப் பத்திரத்தையும் உள்ளே விடமுன் பார்க்கவேண்டும்.

என் மனைவியால் இன்னும் தேங்காய் துருவ முடியவில்லை. இந்த மனுவைக்கூட நான் தனியாக எழுதவில்லை, பக்கத்தில் இருந்து அவர்தான் திருத்தினார்.

தங்கள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
மனுதாரர்

பிரதி: இலங்கைத் துறைமுக அதிகார சபை