தாளம் கூடினால் பிரக்ஞையும் கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளை அலைகளின் தாளத்திலிருந்து பிரக்ஞை, அதாவது விழித்திருந்து உணரும் நிலை, பிறக்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1990-இல் விஞ்ஞானிகள் பிரான்சிஸ் கிரிக்கும் கிறிஸ்டாஃப் கோக்கும் முன்வைத்த கருத்தை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். மாம்பழத்தின் நிறத்தைச் சில நியூரான்களும் (மூளை நரம்பு செல்கள்) வடிவத்தை வேறு சிலவும் கவனிக்கின்றன. அவை நொடிக்குச் சுமார் 40 தடவை சேர்ந்து துடிக்கும்போது மாம்பழம் என்று முழுசாக உணர்கிறோம். சரி. ஆனால் மூளை ஒரே தாளத்தில் சேரச்சேரப் பிரக்ஞையும் தெளிவாகும் என்பதுபோல் கட்டுரையை முடித்திருந்தது எனக்கு உறுத்துகிறது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. தோசையைப் பிய்த்த கை அப்படியே நிற்கும். பார்வை குத்திட்டு, இமை லேசாகத் துடிக்கும். பத்து நொடிதான். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடுவாள். 'கவனமே இல்லை' என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பினார்கள். நானும் அவளை அதட்டியிருக்கிறேன்.

மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுத்தபோது தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னார்கள். திரையில் கண்டபடி நெளிந்துகொண்டிருந்த கோடுகள் அத்தனையும் திடீரென்று ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. நொடிக்கு மூன்று வீதம், அச்சடித்த மாதிரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. கோடுகள் மறுபடி கலைந்ததும் "அம்மா, தண்ணி" என்றாள். இடையில் கூப்பிட்டதே அவளுக்குத் தெரியாது.

அப்சென்ஸ் வகை வலிப்பு, சில நொடி நினைவு தப்பிப்போகும் வலிப்பு, என்றார் மருத்துவர். மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸும் மேலடுக்கான மூளைப் புறணியும் ஒரே தாளத்தில் மாட்டிக்கொள்கின்றன. மற்ற வேலைக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. ஆழ்ந்த தூக்கத்திலும் இப்படித்தான், மூளை முழுக்கப் பெரிய, மெதுவான அலைகள். புரொபோஃபால் என்ற மயக்க மருந்து கொடுத்தால்கூட நெற்றிப் பக்கம் ஆல்ஃபா என்ற ஒழுங்கான அலை ஓடுகிறது. தாளம் இருக்கிறது, பிரக்ஞை இல்லை. அப்படியானால் எந்தப் பகுதிகள் எவ்வளவு நேரம் சேர்ந்து, எப்போது பிரிகின்றன என்பதைத்தானே பார்க்க வேண்டும்? கிரிக்கும் கோக்குமே 2003-இல், நொடிக்கு 40 தடவை சேர்ந்து துடிப்பது (40 ஹெர்ட்ஸ் ஒத்திசைவு) மட்டும் போதாது என்று எழுதிவிட்டார்கள். கட்டுரையில் அதைச் சேர்த்திருக்கலாம்.

அடுத்த இதழில் இந்த வலிப்பைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள். எங்கேயோ பார்க்கிறாள் என்று வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளையின் அம்மா யாராவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்