லாடம் அடித்த கை

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் நடந்த போயர் போர் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் தளபதிகளின் பெயர்தான் வரிசையாக வந்ததே தவிர ஒரு கொல்லரைக்கூடக் காணோம். 1876-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் பிறந்த வில்லியம் ஹார்டம் கொல்லர். குதிரைப்படையில் சேர்ந்தபோதும் லாடம் அடிப்பதுதான் வேலை. 1901 ஜனவரி 28 அன்று, தென்னாப்பிரிக்காவின் நௌபோர்ட் அருகே, குதிரை சுடப்பட்டு காயத்தோடு கிடந்த ஒரு சிப்பாயைக் கண்டதும், தோட்டாக்கள் பறக்கிற அந்த நேரத்தில் இறங்கி, அவரைத் தன் குதிரையில் ஏற்றிவிட்டு, தான் பக்கத்திலேயே ஓடிவந்தார். அதற்குத்தான் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ்.

சரி, அப்புறம் என்ன செய்தார்? ஊர் திரும்பி மறுபடி உலைக்களம்தான், ஓய்வு நேரத்தில் வெலிங்டன் அணிக்காக ரக்பி! இவ்வளவு பெரிய பதக்கத்தை வாங்கிவிட்டு யார் சம்மட்டியைத் தூக்குவார்கள்? முதல் உலகப்போரில், 1915-ல் துருக்கியின் கலிப்போலியில் படுகாயம், மறுவருடம் கல்யாணம். 40 வயதை நெருங்கித்தான் குடும்பம் என்று ஒன்று அமைந்தது. அதிலும் பன்னிரண்டே வருடம், 1928-ல் இறந்துவிட்டார். கல்லறை வெலிங்டனின் கரோரி மயானத்தில் இருக்கிறது. அடுத்த பகுதியில் இவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

ஒரு வாசகர்