வலையைப் போர்த்திவிட்ட ஐயாவுக்கு

புதுச்சேரி வைத்திக்குப்பம், சோலை நகர் உறவுகளுக்கு வணக்கம்.

மாசி மகம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. அன்று திருவிழாக் கூட்டத்தில் பம்பைக்கும் வெடிக்கும் பயந்து என் மகன் ஓடிப்போனதை நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, தேடியவர்களே நீங்கள்தானே. எழுத உட்கார்ந்தால் இன்னமும் கை நடுங்குகிறது. தம்பி (மகனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நன்றாக இருக்கிறான். நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டான். இன்று காலையில் வழக்கம்போல மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது.

எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முதலில் சோலை நகரில் வலை பின்னும் கூடத்தில் இருந்த ஐயாவுக்கு. ஐயா, உங்கள் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. உங்கள் பேத்தி இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் ஓடி வந்தபோது கண்ட காட்சி இது. ஒரு ஃபைபர் படகின் நிழலில் தம்பி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். மடியில், இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும், மடித்துப் போட்ட வலை. வலையின் ஓரக் கயிற்றில் வரிசையாக ஈயக்குண்டுகள். அவற்றை ஒவ்வொன்றாக விரலில் உருட்டி, கடைசிக் குண்டு வந்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். வலையின் இன்னொரு முனையில் நீங்கள் ஊசியும் நூலுமாகக் கிழிசலை முடிந்துகொண்டிருந்தீர்கள். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவனும் உங்களைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ வேலை செய்கிற மாதிரி இருந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைப் பக்கத்திலிருந்த அக்கா பிறகு சொன்னார்கள். காதைப் பொத்திக்கொண்டு கத்தினானாம். ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, கடித்துவிட்டானாம். (அந்த அண்ணனிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.) சில பிள்ளைகள் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்களாம். நீங்கள் எழுந்து வந்து, "தள்ளிப் போங்கடா, புள்ள பயந்து கெடக்கு" என்று எல்லோரையும் விலக்கிவிட்டு, பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில் இல்லை. இரண்டாவது முறை கேட்கவே இல்லை. வலையைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்து வேலையைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு 8 வருடமாக வாழ்கிறவள் நான். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் சரி. உங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

கேட்டேன். "தானே புயலன்னிக்கு ராத்திரி எம் பேரன் இப்புடித்தான் காதைப் பொத்திக்கினு கெடந்தான். கூரை பிச்சிக்கினு போவுற சத்தம். என்ன சொன்னாலும் அவனுக்கு ஏறல. கையில கெடச்ச வலையை மேல போட்டு அணைச்சிக்கினு உக்காந்தேன், அடங்குனான்" என்றீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே கரை கடந்ததை நாங்களும் மறக்கவில்லை. அந்தப் பேரன் இப்போது கடலுக்குப் போகிறானாமே, நல்லா இருக்கட்டும்.

நீங்கள் கையால் கண்டுபிடித்ததை எங்கள் தெரபிஸ்ட் எனக்கு வாயால் சொல்லியிருக்கிறார். நமக்குப் புலன் ஐந்து என்றுதான் படித்தோம். ஆனால் அதற்கு மேலும் உண்டாம். உடம்பு சாய்கிறதா நிமிர்கிறதா என்று உள்காது சொல்வது ஒன்று, கை கால் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்வது இன்னொன்று. தம்பி போன்ற பிள்ளைகளில் பலருக்கு இவையெல்லாம் ஒரே அளவில் வந்து சேர்வதில்லை. சில சத்தம் நமக்குக் கேட்பதைவிடப் பல மடங்காகக் கேட்கும், மேலே லேசாக உரசினாலே எரியும். அதே பிள்ளைக்குக் கனமாக, ஒரே சீராக அழுத்தம் கொடுத்தால் உடம்பு தன் இடத்துக்குத் திரும்பின மாதிரி இருக்கும். அதற்காகத்தான் வீட்டில் துணிப்பைக்குள் கொண்டைக்கடலை நிரப்பித் தைத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அதை எடுத்துவர மறந்துவிட்டேன். பம்பையும் வெடியும் அவ்வளவு பக்கத்தில் வரும் என்று யோசிக்கவில்லை. அது என் தவறு.

டெம்பிள் கிராண்டின் என்று அமெரிக்காவில் ஒரு கால்நடை விஞ்ஞானி இருக்கிறார். ஆட்டிசம் உள்ளவர். ஊசி போடுவதற்காக இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டுக்குள் மாடுகள் அமைதியாவதைப் பார்த்து, 1960களில் தனக்கென்று அதுபோல ஒரு பெட்டியைச் செய்துகொண்டார். அதற்குள் போனால் அவருடைய பதற்றம் அடங்கியது. முந்தாநாள் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கு மாட்டுக் கூண்டு, என் பிள்ளைக்கு உங்கள் வலை.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வலைக் குண்டில் இருக்கும் ஈயம் உடம்புக்குள் போனால் கெடுதல் என்பதால் வீட்டுக்கு வந்ததும் அவன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நீங்களும் சாப்பிடுவதற்கு முன்னால் கழுவிக்கொள்ளுங்கள் ஐயா.

மற்றவர்களுக்கும் நன்றி. "தண்ணிப் பக்கம் பாருங்க" என்று நான் கத்தியதும் ஏன் என்று கேட்காமல் கரையோரமாக ஓடின வைத்திக்குப்பத்துத் தம்பிகளே, இப்படிப்பட்ட பிள்ளைகள் தண்ணீரை நோக்கித்தான் போவார்கள் என்ற பயத்தில்தான் அப்படிக் கத்தினேன். தீர்த்தவாரி நேரத்திலும் மைக்செட்டைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தவர்கள், வாக்கிடாக்கிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கிட்டே வந்த சிவப்புத் தொப்பிக் காவலர், முத்தியால்பேட்டை வரை காசு வாங்காமல் கொண்டுவந்து விட்ட ஆட்டோ அண்ணன், என் கைப்பையையும் செருப்பையும் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த பூக்கார அம்மா, எல்லோருக்கும்.

கூட்டத்தில் ஒருவர், "அடிச்சு வளர்த்திருந்தா இப்படி ஓடுமா" என்றார். அவருக்கும் ஒரு வார்த்தை. அடம் பிடிக்கிற பிள்ளை கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும், நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். தம்பிக்கு அன்று வந்தது அது இல்லை. நிரம்பி வழிந்த குடத்தை அடித்தால் தண்ணீர் குறையுமா? முன்பு ஒரு பள்ளிக்கூடத்திலும் இதே பேச்சைக் கேட்டு, அவனை அழைத்துக்கொண்டு வந்தேன். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் இருக்கிறது, அரசு அங்கீகாரம் உள்ள பள்ளி பாகுபாடு பார்க்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருக்க மாட்டேன். இனிமேல் குனிய மாட்டேன். எங்கள் தெருவிலும், இப்போது படிக்கிற பள்ளியிலும், யார் முறைத்துப் பார்த்தாலும் நின்று பொறுமையாகச் சொல்லப் போகிறேன். அவன் கையில் என் போன் நம்பர் எழுதிய பட்டையும் கட்டியாகிவிட்டது.

ஐயா, நேற்றுத் தம்பி துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு கிளிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனான். அவன் அப்பா எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தார், உங்களைப் போலவே அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் கூடத்துக்கு வருகிறோம். சாப்பாடு நான் கொண்டுவருகிறேன். அன்றைக்கு அந்தப் பக்கம் ஏதாவது விசேஷம், வெடி என்று இருந்தால் மட்டும் பேத்தியை விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.