கேள்வி கேட்கத் தெரியாதவர்களா அவர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயது வந்தோர் கல்வியில் விமர்சனச் சிந்தனையை வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அதன் அஸ்திவாரமே எனக்கு இடிக்கிறது. படிக்க வரும் பெரியவர்களுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் கிடையாது, அதை ஆசிரியர்கள்தான் பயிற்றுவிக்க வேண்டும் என்று கட்டுரை ஆரம்பிக்கிறது. பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பவன் நான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலாளி சொல்லும் சம்பளக் கணக்கை மனசுக்குள் ஒரு முறை போட்டுப் பார்க்காத தொழிலாளி உண்டா? மருத்துவர் சொன்னதை இன்னும் நாலு பேரிடம் விசாரிக்காமல் விடுகிறவர் எத்தனை பேர்? நாள் முழுக்க எதையும் எடை போட்டுப் பார்த்துப் பிழைக்கிறவர்கள், வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஏன் மூடிக்கொள்கிறார்கள் என்பதல்லவா நாம் விசாரிக்க வேண்டியது?

ஒரு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாடம் தனிவட்டி. 12,000 கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், ஓராண்டுக்கு வட்டி எவ்வளவு? 1,440 என்று பலகையில் விடை எழுதியாயிற்று. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "சார், வருஷக் கடைசியில மொத்தமாத் திருப்பிக் கொடுத்தாத்தானே இது சரி? நாங்க மாசாமாசம் கட்டுறோமே?" என்றார். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே, "பாடத்துல இருக்கறத மொதல்ல பாப்போம்மா" என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அந்த அம்மா அப்புறம் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி! முழு அசலுக்கும் ஓராண்டு வட்டி போட்டு, மொத்தத்தைப் பன்னிரண்டு சம தவணையாகப் பிரித்தால் மாதம் 1,120. முதல் தவணையிலிருந்தே அசல் கரைய ஆரம்பித்துவிடுகிறது. ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருந்த கடன் 6,500தான். அதற்கு 1,440 வட்டி என்றால் 22 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 12 என்று சொல்லிக் கொடுக்கப்படும் கடன், வாங்கியவருக்கு ஏறக்குறைய இரட்டிப்பாக விழுகிறது. விமர்சனச் சிந்தனைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? அது தானாக வகுப்புக்குள் வந்தது, உட்காரச் சொல்ல ஆள் இல்லை. இத்தனைக்கும் அந்த ஆசிரியர் நல்ல மனிதர். நேரத்துக்குப் பாடத்தை முடிக்க வேண்டும், கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அவருக்குள் ஊறிப்போன நினைப்புகள். சோதித்துப் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

அப்படித் தன் நினைப்பைத் தானே சோதித்துக்கொண்ட ஒருவரை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பெர்னிஸ் ராபின்சன் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் முடி அலங்காரத் தொழில் செய்துவந்த கறுப்பினப் பெண். அங்கே வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவிடாமல் தடுக்க அது வசதியான ஏற்பாடு. அதை எதிர்கொள்ள 1957இல் அந்த மாநிலத்தின் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் பெரியவர்களுக்கான வகுப்பு தொடங்கியது. அதை நடத்தியவர் ராபின்சன். முன்பு நடந்த எழுத்தறிவு வகுப்புகள் அங்கே எடுபடவில்லை. குழந்தைகளின் பெஞ்சில் பெரியவர்களைக் காலை மடக்கி உட்கார வைத்து, குழந்தைகளின் பாடத்தையே நடத்தினால் யார் வருவார்கள்?

ராபின்சனும் முதலில் குழந்தைகளுக்கான பாடங்களைத்தான் கொண்டுபோனார். வந்தவர்களைப் பார்த்ததும் இது ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டார். நான் ஆசிரியை இல்லை, சேர்ந்து படிப்போம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று பதில்கள் வந்தன. அவையே பாடங்களாயின. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி வைத்தார். பிறகு இதே மாதிரியான குடியுரிமைப் பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒருவராக இருந்திருந்தால் கொண்டுவந்த பாடத்தை அவ்வளவு சீக்கிரம் கீழே வைத்திருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு.

கட்டுரையில் வட்டமாக உட்கார வைப்பதைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருக்கிறது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் சமத்துவம் வந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கள் வட்டாரத்தில் (சிலேடை வேண்டுமென்றே அல்ல) ரொம்பப் பிரபலம். இந்தத் துறையில் நெடுங்காலம் எழுதிவரும் ஸ்டீபன் புரூக்ஃபீல்ட் அந்த நம்பிக்கையையே கேள்வி கேட்டவர். தன் பேச்சு வழக்கையோ உடையையோ நினைத்துக் கூச்சப்படுகிறவருக்கு அந்த வட்டத்தில் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை, ஆசிரியர் அதிகாரத்தை விட்டுவிட்டார் என்று நம்பவும் காரணமில்லை என்பது புரூக்ஃபீல்டின் வாதம்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று படிப்பவர்களிடமிருந்தே ஆசிரியர் தெரிந்துகொள்ள அவர் சொன்ன வழி எளிமையானது. வாரக் கடைசி வகுப்பு முடியும்போது ஒரு தாளில் ஐந்து கேள்விகள். இந்த வாரம் எப்போது வகுப்பில் மிகவும் ஒன்றியிருந்தீர்கள்? எப்போது விலகிப்போனீர்கள்? யார் செய்த எது உதவியாக இருந்தது? எது குழப்பியது? எது ஆச்சரியப்படுத்தியது? பெயர் எழுதக் கூடாது. கார்பன் தாள் வைத்து எழுதி ஒரு பிரதியைப் படிப்பவரே வைத்துக்கொள்வார். ஆசிரியர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில், என்ன சொல்லியிருக்கிறார்கள், தான் எதை மாற்றப்போகிறேன், எதை மாற்றப்போவதில்லை, ஏன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் உயிர். இதை விட்டுவிட்டுத் தாளை மட்டும் நிரப்பி வாங்கினால் அலமாரிக்கு ஒரு கட்டுக் காகிதம் மிச்சம்.

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். படிப்பவர்கள் வாரம்தோறும் சிந்தனைக் குறிப்பேடு எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண் தர வேண்டும் என்று கட்டுரை பரிந்துரைக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மதிப்பெண் என்று வந்துவிட்டால் போடுகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துத்தான் எழுதுவார்கள். "முன்பு இப்படி நினைத்தேன், இந்த வகுப்புக்குப் பிறகு என் பார்வை மாறியது" என்று குறிப்பேட்டுக்குக் குறிப்பேடு ஒரே வாசகம் வரும். பெரியவர்கள் இதில் கெட்டிக்காரர்கள், மேலதிகாரிக்கு அறிக்கை எழுதிப் பழகியவர்கள். கல்லூரிக்குத் திரும்பி வந்த பெண்களை ஆராய்ந்து 1978இல் எழுதிய வயது வந்தோர் கல்வி ஆய்வாளர் ஜாக் மெசிரோ, பழைய நம்பிக்கை ஆட்டம் காணும் ஒரு நெருக்கடியில்தான் பெரியவர்களின் மனமாற்றம் தொடங்குகிறது என்றார். அது வெள்ளிக்கிழமைதோறும் மாலைக்குள் வந்து சேராது. குறிப்பேடு எழுதட்டும், அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து அளவு, மின்சார இணைப்பு போன்ற பாடங்களில் எல்லாவற்றையும் விவாதத்துக்கு விட முடியாது. உண்மை. ஆனால் செவிலியர் பயிற்சிக்கு வந்த ஒருவர், எழுதிய அளவு தவறாகத் தெரிந்தால் மூத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று கேட்டால், அதுவும் பாடத்தின் பகுதிதான். விதியை மனப்பாடம் செய்தவருக்கு அங்கே வாய் திறக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் ஆசிரியரிடமே "இது எப்படிங்க சரி?" என்று கேட்டுப் பழகினால்தான் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையில் பேராசிரியர்கள் பேசுகிறார்கள், பயிற்றுநர்கள் பேசுகிறார்கள், திட்ட அலுவலர்களும் பேசுகிறார்கள். படிக்க வந்த ஒருவர்கூடப் பேசவில்லை. இந்த விவாதத்தை அடுத்த இதழிலும் தொடர்வதாக அறிவித்திருக்கிறீர்கள். வேலை முடிந்து களைத்து வந்து வகுப்பில் உட்காருகிறவர்களில் இரண்டு மூன்று பேரிடம், ஆசிரியர் கூட இல்லாத நேரத்தில், அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டு, வந்த பதில்களைத் திருத்தாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியர் ஒருவர்