கணக்கில் வராத ஆட்கள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு இழுப்பு முந்தின மாதிரி இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ தெரியாது. கேட்டால் "ம்" எண்டுபோட்டு போனை வைச்சிடுவாய். இப்ப அந்த "ம்"மும் இல்லை.

காலநிலைச் சட்டங்களைச் சனம் விரும்பேல்லை, வாற மெயிலெல்லாம் ஏச்சுத்தான், அதாலதான் நீ வேலை செய்யிற எம்பி பின்வாங்கிறார் எண்டு கடைசியாய்க் கதைக்கேக்க சொன்னாய். ஆர் பிள்ளை மெயில் போடுறது? கோபம் வந்தவன் போடுவான். சரியெண்டு நினைக்கிறவன் தன்ர அலுவலைப் பார்ப்பான். யூலெஸ், அதுதான் லண்டனில கூடப் புகை விடுற பழைய வாகனங்களுக்குக் காசு அறவிடுற சட்டம், வந்தபோது எங்கட பழைய டீசல் காருக்கு நாளுக்கு 12.50 பவுண் எண்டாங்கள். காரைக் குடுத்திட்டம். எரிச்சல்தான், ஆனால் அந்தச் சட்டம் வேண்டாமெண்டு நான் நினைக்கேல்லை. அதை ஆரிட்டப் போய்ச் சொன்னன்? உன்ர சித்தப்பா எழுதினவர். அவர் குப்பை வண்டி பிந்தினாலும் எழுதுவார். உங்கட ஒஃபிஸ் கணக்கில எங்கட குடும்பம்: எதிர்ப்பு ஒண்டு, ஆதரவு பூச்சியம்.

லண்டன் அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலை மறந்திட்டியோ? 2023 ஜூலையில யூலெஸை எதிர்த்த கன்சர்வேட்டிவ் கட்சி வெறும் 495 வாக்கு வித்தியாசத்தில வெண்டது. யூலெஸ் முக்கியமாய்க் காத்தைக் கெடுக்கிற புகைக்கு எதிரான சட்டம். ஆனால் அந்த முடிவைக் கண்டுபோட்டு காலநிலையே வாக்கைக் கெடுக்கும் எண்டு கதை கட்டினாங்கள். செப்டம்பரில அந்தக் கட்சிப் பிரதமர் சுனக் புதுப் பெற்றோல் கார் விற்பனைத் தடையை 2030இல இருந்து 2035க்குத் தள்ளினார். என்ன லாபம்? அடுத்த வருசம் மே மாதம், யூலெஸை விரிவாக்கின தொழிற்கட்சி மேயர் சாதிக் கான் மூன்றாம் முறையும் வெண்டார். ஜூலையில அதே அக்ஸ்பிரிட்ஜ் தொழிற்கட்சிக்குப் போச்சு. வேற காரணங்களும் இருக்குத்தான். எண்டாலும் யூலெஸ் தொழிற்கட்சியைக் கவிழ்க்கேல்லையே.

அமெரிக்கக் காங்கிரஸ் ஒஃபிஸ்களில வேலை செய்யிற ஆட்களைக் கேட்ட ஆய்வைப்பற்றி, கம்பஸில படிக்கேக்க நீதானே எனக்குச் சொன்னனி? கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தச் சொந்தத் தொகுதியில இருக்கிற ஆதரவைக்கூட அவை குறைச்சுத்தான் மதிச்சவையாம். கொம்பனிக்காரரோட கூடக் கதைச்சவை இன்னும் பிழையாம். நான் அதைக் கோயிலில எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சன், என்ர மகள் படிக்கிறாள் எண்டு. இப்ப நீயே அந்தக் கதிரையில இருந்துகொண்டு மெயிலை எண்ணுறாய். மெயிலை மட்டும் பார்க்காதே. எழுதாத ஆட்களையும் போய்க் கேள் எண்டு உங்கட எம்பிக்குச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு.

தைப்பொங்கலுக்கு உன்னோட வந்த பிள்ளை சுகமோ? அண்டைக்கு நான் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தன். நீ அதை எந்தப் பக்கத்தில எழுதினியோ தெரியாது. சித்தப்பா கதைச்சதை மட்டும் வைச்சு முடிவெடுக்காதே. மெயிலை மட்டும் பார்க்காதே எண்டு மேலயும் எழுதியிருக்கிறன்.

ஈஸ்டருக்கு வாங்கோ. ரெண்டு பேரும். அம்மா முறுக்குக்கு மா வறுத்து வைச்சிருக்கிறா. அந்தப் பிள்ளையின்ர காரில வாறதெண்டால் நம்பரை முதலே அனுப்பு, யூலெஸ் காசு பிடிக்குமோ எண்டு நான் பார்த்துச் சொல்லுறன்.

அப்பா