அந்த நிலா பொய் நிலா, மணி!

அன்புள்ள மணி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எப்படியும் திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் கார் ஓட்டப் பழகுகிறாள். நான் பக்கத்து சீட்டில் கந்த சஷ்டி கவசம் சொல்கிறேன்.

எனக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருக்கிறது: பழைய போஸ்ட் கார்டு. ‘லினன் கார்டு’ என்பார்கள். துணி இல்லை, காகிதந்தான். மேலே மட்டும் நெசவு மாதிரி வரிவரியாக அழுத்தியிருக்கும். 1930களில் வந்து 1950களில் ஓய்ந்துபோன சரக்கு. ஊர் ஊராக ஓட்டல், கடற்கரை, அருவி எல்லாம் ஜவ்வுமிட்டாய் நிறத்தில். ஒரு சென்ட் ஸ்டாம்ப் ஒட்டி வீட்டுக்குப் போடுவார்களாம்.

சிகாகோவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒன்று வாங்கினேன். மயாமி கடற்கரை, இரவு, தென்னை, மேகத்துக்கு நடுவே முழு நிலா. மூலையில் 8ஏ-எச் என்று நம்பர். ஏ என்றால் முப்பதுகள், முன்னால் எட்டு, ஆக 1938. “நிலாவுக்கு இரண்டு டாலரா?” என்றாள் வீட்டுக்காரி. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தின் பகல் கார்டு கிடைத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கார்கள், அதே இடத்தில்! பட்டப்பகலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நீலம் பூசி, நிலாவை ஒட்டவைத்திருக்கிறான். ஏலே, ஏமாந்த கோபம் வரவேண்டாமா? எனக்கு உங்கப்பா ஞாபகம் வந்தது.

நெகட்டிவை விளக்கு முன்னால் பிடித்து, பென்சிலைச் சீவிச் சீவி என் முகப்பருவை ஒவ்வொன்றாக எடுத்தாரே! அந்தப் போட்டோவைக் காட்டித்தான் எனக்குப் பெண்ணே கொடுத்தார்கள். நம்ம சிநேகிதன் பட்டாணியின் மூக்கைத்தான் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கப்பாவின் போட்டோ ஸ்டூடியோவைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விடுகிறாயாம், நெகட்டிவ் பெட்டிகளெல்லாம் பழைய பேப்பர்காரனுக்காம். உன் தங்கைதான் போனில் சொன்னாள். அவளைக் கேட்காதே.

மணி, கொடுக்காதே. கர்ட் டைக் என்று ஒரு ஜெர்மன்காரர் 1898இல் சிகாகோவில் கம்பெனி ஆரம்பித்தார். என் நிலா அவர்கள் அச்சடித்ததுதான். கார்டுக்கு ஒரு உறை போட்டு மூலப் படம், எந்த நிறம் எங்கே, எதை அழிக்கவேண்டும் என்ற குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறார்கள். இப்போது இங்கே நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. போன மாதம் போய் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டோவில் தந்திக்கம்பம் நிற்கிறது, கார்டில் இல்லை. யாரோ ஒருத்தர் குனிந்து உட்கார்ந்து அதை அழித்திருக்கிறார். பெயர் தெரியாது, கை தெரிகிறது.

உங்கப்பா கையும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. பாதி ஊரின் கல்யாணமும் இருக்கிறது. நான் ஜனவரியில் வருகிறேன். அதுவரை ஈரம் படாமல் மாடியில் ஏற்றிவை. இடமில்லை என்றால் எங்கள் வீட்டுச் சாவி பெரியம்மாவிடம் இருக்கிறது. வாடகையில் குறைந்தால் நான் தருகிறேன். கோபப்படாதே, சும்மா சொன்னேன். சும்மா இல்லை, நிஜமாகத்தான்.

இதோடு நிலா கார்டை வைத்திருக்கிறேன். அப்பாவின் லென்ஸை எடுத்து, தென்னையின் நிழலைப் பார்த்து எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று எழுது. நான் பதினொன்று என்கிறேன்.

உன்,
சேது