திருச்சி விமான நிலையத்துக்கு வளைகுடா நாட்டு விமானங்கள் வர வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
விமானப் பயணச்சீட்டு முன்பதிவுக் கடை நடத்துபவர்,
பேருந்து நிலையம் அருகில்,
அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையம் – வளைகுடா நாடுகளுடனான இருதரப்பு விமான ஒப்பந்தங்களில் திருச்சியைச் சேர்த்துத் தனி இருக்கைகள் ஒதுக்க ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்கவும், ஓடுபாதை நீட்டிப்புக்கான நில எடுப்பை விரைவுபடுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். எங்கள் ஆட்சியரிடம் போகாமல் உங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வந்து நிற்பதற்குக் காரணம், விமான நிலையம் உங்கள் எல்லைக்குள் இருப்பதுதான். நிலையம் உங்களுடையது என்றாலும் பெட்டியும் கையுமாக அங்கே வந்து இறங்குகிறவர்களில் ஏகப்பட்ட பேர் அறந்தாங்கி, ஆலங்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருவாரூர், பெரம்பலூர் பக்கத்து ஆட்கள். அவர்கள் சார்பாகவே இந்த மனு.

நான் எஸ்.டி.டி. பூத் வைத்துத் தொழில் தொடங்கியவன். சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்களின் வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிவிட்டுப் போவார்கள். செல்போன் வந்ததும் பூத் படுத்துவிட்டது. அப்புறம் அதே கடையில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு டிக்கெட் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். எந்தத் தெருவில் யார் எந்த நாட்டில் இருக்கிறார், யாருக்கு எப்போது லீவு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால்தான் ஒரு நடப்பைச் சொல்லி மனுவைத் தொடங்குகிறேன்.

ஷார்ஜாவில் ஜேசிபி ஓட்டும் பையன் ஒருவன் நடுராத்திரியில் என்னைக் கூப்பிட்டான். அவன் அம்மா இறந்துவிட்டார். மறுநாள் திருச்சி விமானத்தில் இடமில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. சென்னைக்குப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் கொச்சிக்கு ஒரே ஒரு சீட் கிடைத்தது. நெடும்பாசேரியில் இறங்கி, டாக்சி பிடித்து, பாலக்காடு, கோவை, கரூர் வழியாக வந்தான். ஐஸ் பெட்டிக்கு இன்னொரு நாள் வாடகை சொல்லிவிட்டு உறவுக்காரர்கள் பந்தலில் காத்துக்கிடந்தார்கள். ஒரே மகன் வராமல் எப்படி எடுப்பது? அந்தக் கார் திருச்சிக்குள் நுழைந்து புதுக்கோட்டைச் சாலையில் திரும்பி, உங்கள் விமான நிலைய வாசலைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்கு வந்தது. "அண்ணே, இதோ ஏர்போர்ட்டைத் தாண்டுறேன்" என்று போனில் சொன்னான். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

ஏன் இடமில்லை என்று கேட்டால், பண்டிகைக் காலம், பள்ளி விடுமுறை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் காரணம் வேறு. அதைச் சொல்ல இந்த நிலையம் வளர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருச்சிக்கு விமானம் புதிதல்ல. 1938-இல் டாடா நிறுவனத்தின் தபால் விமானம் கராச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் சென்னையை அடுத்து இங்கேதான் இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை இந்தத் தளத்தைப் பயன்படுத்தியது. நாடு விடுதலை பெற்ற பிறகு ஏர் சிலோன் விமானங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கடலைத் தாண்டித் திருச்சிக்கு வந்துபோயின. இந்த ஊருக்கு வெளிநாட்டுப் பயணம் டெல்லி, பம்பாய் வழியாக அறிமுகமானதல்ல, நேராக இலங்கையோடு அறிமுகமானது என்பதைக் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

கொழும்புக்கு அடுத்துச் சிங்கப்பூர், கோலாலம்பூர். 2008-இல் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து வரத் தொடங்கியது. மலேசியா போகச் சென்னைக்கு ரயிலேறிக்கொண்டிருந்தவர்கள் அதோடு அதை விட்டார்கள். பின்னால் சிங்கப்பூரின் குறைந்த கட்டண விமானங்களும் மலேசியாவின் இன்னொரு நிறுவனமும் வந்தன. 2009-இல் புது முனையம் திறந்தார்கள். அதற்கு முந்தைய கட்டடம் சரக்குக்குப் போயிற்று. 2012 அக்டோபர் 4-ஆம் தேதி ஒன்றிய அமைச்சரவை லக்னோ, வாராணசி, மங்களூரு, கோவையோடு திருச்சியையும் பன்னாட்டு விமான நிலையமாக அறிவித்தது. எங்களைக் கேட்டால், நாங்கள் எப்போதோ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அரசு ஆணை பிறகு வந்தது.

2009 முனையமும் போதவில்லை. விமானம் இறங்கும் நேரத்தில் அந்த வாசலில் நின்றவர்களுக்கு அது தெரியும். ஒரு ஆளை அழைத்துப்போக வேனில் எட்டுப் பேர் வருவது எங்கள் பக்கத்து வழக்கம், அதை மாற்ற முடியாது. 2019 பிப்ரவரி 10-இல் புதிய முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 ஜனவரி 2-இல் பிரதமர் திறந்துவைத்தார்; அந்த ஆண்டு ஜூன் 11-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும், நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் 3,500 பேரையும் தாங்கும் கட்டடம். கோபுர நிறங்களும் கோலமும் ஓவியங்களுமாக நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். முதல் முறை வரும் கிழவிகள் கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பைக் கழற்றலாமா என்று கேட்கிறார்கள்; நான் காதால் கேட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் விமான நிறுவனங்கள் திருச்சிக்கு வந்தது தற்செயல் அல்ல. ஆசியான் என்ற அந்த நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த விமானங்களுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா நகரங்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது. கதவு திறந்திருந்தது, வந்தார்கள். 2023 நவம்பரில் வியட்நாம் நிறுவனம் ஒன்று ஹோ சி மின் நகரத்திலிருந்து சேவை தொடங்கியது. திருச்சிக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. அனுமதி இருந்தால் ஆள் தானாக வரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

மேற்கே பார்த்தால் நிலைமை தலைகீழ். துபாய், ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட், தோகா, குவைத், தம்மாம் என்று எங்கள் ஆட்கள் இருக்கும் ஊர்களின் பட்டியல் நீளமானது. அந்த நாடுகளின் விமான நிறுவனம் ஒன்றுகூடத் திருச்சியில் வழக்கமான சேவை நடத்தவில்லை. மனம் இல்லாமல் அல்ல. அந்த நாடுகளுடன் இந்தியா செய்திருக்கும் இருதரப்பு ஒப்பந்தத்தில், அவர்களுடைய விமானங்கள் இறங்கக்கூடிய ஊர்களின் பட்டியலில் திருச்சி இல்லை. கொச்சி இருக்கிறது, திருவனந்தபுரம் இருக்கிறது, கோழிக்கோடு இருக்கிறது. நம் மாநிலத்தில் சென்னை இருக்கிறது. கோவையில் ஷார்ஜாவின் விமானம் இறங்குகிறது. வெளிநாட்டுப் பயணிகளே பெரும்பகுதியாக வந்துபோகும் திருச்சிக்கு மட்டும் அந்த வாசல் அடைத்திருக்கிறது. இந்திய நிறுவனங்கள் விடும் விமானங்களில் கிடைக்கிற இடம்தான் எங்களுக்கு. அது நிரம்பினால் கொச்சி, இல்லாவிட்டால் சென்னை.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பத்திரிகைகளில் இதை யாரும் விளக்கமாக எழுதுவதில்லை என்பதால் சொல்கிறேன். பட்டியலில் திருச்சியைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. துபாயுடனான ஒப்பந்தத்தில் வாரத்துக்கு ஒரு பக்கத்துக்கு, அதாவது அவர்கள் நிறுவனங்களுக்கு ஒரு பங்கு, நம் நிறுவனங்களுக்கு ஒரு பங்கு என்று தலைக்குச் சுமார் 66,000 இருக்கைகள்தான். அந்த அளவு 2014-இலிருந்து அப்படியே நிற்கிறது. முழுவதும் நிரம்பியும் விட்டது. நாளைக்கே திருச்சிக்கு அனுமதி தந்தாலும், எந்த நிறுவனமும் மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ இருக்கையைப் பிடுங்கி இங்கே கொண்டுவராது. ஆகவே திருச்சிக்கென்று தனியாகக் கூடுதல் இருக்கைகள் ஒதுக்க வேண்டும். அந்த இருக்கைகளை வேறு ஊருக்கு மாற்றக் கூடாது என்றும் எழுத வேண்டும். ஒப்பந்தம் கல்வெட்டு அல்ல. குவைத்துடனான ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 12,000 ஆக இருந்த இருக்கைகளை 2025-இல் 18,000 ஆக உயர்த்தினார்கள். மனம் வைத்தால் நடக்கிறது.

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். வளைகுடா நிறுவனங்கள் நம் பயணிகளைத் தங்கள் ஊருக்கு அள்ளிக்கொண்டுபோய், அங்கிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஏற்றிவிடுகின்றன. அதனால் நம் நாட்டு விமான நிறுவனங்கள் நீண்ட தூரச் சேவையில் வளர முடியவில்லை என்பது அது. நியாயம் இல்லாத வாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கடைக்கு வருகிறவன் துபாய் வழியாக எங்கேயும் போகிறவன் அல்ல. துபாய்க்கே போகிறவன். கொத்தனார், வெல்டர், டிரைவர், கடையில் சரக்கு அடுக்குகிறவன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிறவன். கூட்ட நாளில் டிக்கெட் விலை ஏறும்போது, அவன் இரண்டு மாதம் மிச்சம் பிடித்தது அதில் போய்விடுகிறது. பெரிய விமானம் வேண்டாம். இப்போது வந்துபோகும் அளவிலான சிறிய விமானமே நாளுக்கு ஒன்று வரட்டும் என்றுதான் கேட்கிறோம். கூடுதல் இருக்கை இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கிடைப்பதுதான் ஒப்பந்த முறை என்பதால், நம் நிறுவனங்களும் அதே எண்ணிக்கையில் விமானம் விட்டுக்கொள்ளலாம்.

சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தின் அடிவயிற்றில்தான் இங்கிருந்து காய்கறியும் பூவும் வாழைப்பழமும் முருங்கைக்காயும் போகின்றன. ஆள் போகும் விமானம் கூடினால் அதுவும் தானாகக் கூடும்.

ஓடுபாதை விஷயம் உங்கள் அலுவலகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இப்போதைய நீளம் 8,136 அடி. 12,500 அடியாக நீட்டுவது பற்றிப் பேசத் தொடங்கி எத்தனையோ ஆட்சியர்கள் மாறிவிட்டார்கள். நான் மேலே கேட்டிருக்கும் சிறிய விமானங்களுக்கு இப்போதுள்ள நீளமே போதும். முழுச் சுமையோடு பெரிய விமானம் நெடுந்தூரம் கிளம்பத்தான் நீட்டிப்பு தேவை. ஆக, ஓடுபாதையைக் காரணம் காட்டி முதல் கோரிக்கையைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 2018 அக்டோபரில் துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரில் இடித்துக்கொண்டு போய் மும்பையில் இறங்கியதைச் சிலர் ஓடுபாதை நீளத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது விமானி அறைக்குள் நடந்த கோளாறு. அதை இதற்குச் சான்றாக நான் காட்ட மாட்டேன். நிலம் கொடுத்தவர்களுக்கும் கொடுக்கவிருப்பவர்களுக்கும் பணம் இழுபறி இல்லாமல் கைக்கு வந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

2025 மார்ச் 30-இல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் விமானம் பறக்கத் தொடங்கியது. சிறிய விமானம்தான். அதில் முதன்முதலாக டிக்கெட் எடுத்துக் கொடுத்த பெரியவர், ஏர் சிலோன் காலத்தில் சின்னப் பையனாக அப்பாவோடு வந்து இறங்கியவராம். "இவ்வளவு கிட்டவா இருந்தது?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஐயா, ஒப்பந்தம் டெல்லியில் முடிவாகிற காரியம், உங்கள் கையெழுத்தில் மாறிவிடாது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். திருச்சியை வளைகுடா நாடுகளின் பட்டியலில் சேர்க்கவும், அதற்கெனத் தனி இருக்கை ஒதுக்கவும் மாநில அரசு வழியாக ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் அனுப்புங்கள். அதில் புதிய முனையத்தின் கொள்ளளவையும், அது எவ்வளவு நிரம்புகிறது என்ற கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். நிலைய ஆலோசனைக் குழு அடுத்து கூடும்போது இதைப் பொருளாக வைக்க ஏற்பாடு செய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் குடும்பத்தினர் இரண்டு பேரையாவது அந்தக் கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ஓட்டல்காரர்களும் தொழில் வர்த்தகச் சங்கத்தினரும் சொல்வது வேறு, இவர்கள் சொல்வது வேறு. ஓடுபாதைக்கான நில எடுப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கடை வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்ட தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். சில இடங்களில் கைநாட்டு இருக்கும். அவை வெளிநாட்டில் இருப்பவர்களின் தாய்மார்கள் வைத்தவை. மனு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் போதும், பதிலைத் தபாலில் அனுப்புங்கள். கடையில் ஒட்டிவைக்க வேண்டும்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)